வடமேல் மாகாணச் சுற்றாடல் நியதிச்சட்டமும் புத்தளக் கரையோரமும்

சிலாபத்திலிருந்து வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டின் முனைவரை நீண்டு கிடக்கும் கரையோரத்திலே கடலும் நிலமும் ஒரு கோட்டிற் சந்திப்பதில்லை. இரண்டுக்கும் இடையே களப்புகள் உள்ளன. களப்புகளைச் சூழக் கண்டற்காடுகளும், மழைக்காலத்தில் நீர் நின்று கோடையில் உப்புப் பூக்கும் சேற்றுவெளிகளும் உள்ளன. தெற்கே தெதுறு ஓயா கடல்சேரும் இடத்தருகே சிலாபக் களப்பு. நடுவே முந்தல் ஏரி. வடக்கே மீ ஓயாவும் கலா ஓயாவும் வந்து விழும் புத்தளம் களப்பு. இம்மூன்றையும் ஒல்லாந்தர் கால்வாய் என வழங்கும் ஒடுங்கிய நீர்வழியொன்று தொடுத்து நிற்கின்றது. உடப்பிலே கரைவலை இழுக்கும் தமிழ் மக்களும், கற்பிட்டியிலும் புத்தளத்திலும் களப்பு மீன்பிடியையும் உப்பையும் நம்பிய முஸ்லிம் மக்களும், சிலாபத்தைச் சூழ வாழும் சிங்கள, தமிழ்க் கத்தோலிக்க மீனவரும் இந்நீர்வழியின் இரு மருங்கிலும் வாழ்வோராவர்.

இக்கரையோரம் அடங்கிய வடமேல் மாகாணத்தின் சபை 1990ஆம் ஆண்டிலே சுற்றாடல் பற்றிய நியதிச்சட்டமொன்றை இயற்றிற்று. 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டம் என்பது அதன் பெயர். மாகாண மட்டத்தில் இலங்கையிலே தோன்றிய முதலாவது சுற்றாடற் சட்டம் இதுவே. நெடுங்காலம் இது தனித்தே நின்றது. மத்திய அரசின் சட்டங்கள் போதுமானவையல்ல, மண்ணுக்கு அருகிலிருப்போரே அதனைக் காக்கும் சட்டத்தை ஆக்கவேண்டும் என வாதிடுவோர் இதனை எடுத்துக்காட்டுவது வழக்கம். ஆயின், அச்சட்டம் நடைமுறைக்கு வந்த அதே பத்தாண்டிலேதான் புத்தளக் கரையோரத்தின் கண்டற்காடுகளும் சேற்றுவெளிகளும் முன் எக்காலத்திலும் இல்லாத வேகத்தில் வெட்டித் தோண்டப்பட்டன. இம்முரண்பாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

விடையின் ஒரு பகுதி மிகப் பழையது. கற்பிட்டியிலே பிறந்து 1834இல் இலங்கை பற்றிய விவரக்கோவையை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச் செட்டியின் காலத்தில் இக்கரையோரம் ஆட்சியாளருக்கு முதன்மையாக ஓர் உப்பு நிலமாகவே தோன்றியது. உப்பு பிரித்தானிய அரசின் தனியுரிமையாயிருந்தது. களப்பின் ஓரத்தில் இயற்கையாய் விளைந்த உப்பையும் குடிமகன் தன் விருப்பப்படி அள்ளிச்செல்ல முடியாது. 1840ஆம் ஆண்டிலே வந்த 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், அதாவது முடிக்குரிய காணிகளில் அத்துமீறுதலைத் தடுக்கும் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலங்கள் யாவும் மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியன என்று கொள்ளவேண்டும் என விதித்தது. மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் வழங்க இச்சட்டம் பயன்பட்டவாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. கரையோரத்தில் அதன் விளைவைப் பற்றி அத்துணை எழுதப்படவில்லை. சேற்றுவெளியில் ஏர் பூட்டுவோர் இல்லை; கண்டற்காட்டுக்கு உறுதி எழுதி வைத்திருப்போரும் அரியர். வலைக்குத் துவர் ஏற்றப் பட்டையும், அடுப்புக்கு விறகும், கலங்கிய நீரில் இறாலும் நண்டும் பெற்றுவந்த ஊரவரின் அனுபோகம் எவ்வளவு பழையதாயினும், ஏட்டிலே அந்நிலம் 'பயிரிடப்படாதது', ஆகவே முடிக்குரியது. முடி நீங்கியபின் அது அரச காணியாயிற்று. 1840இன் 12ஆம் இலக்கமும் 1990இன் 12ஆம் இலக்கமும் எண்ணால் ஒன்றாயமைந்தது தற்செயலே. எனினும், பின்னது முன்னதை வெல்ல முடியாமற்போனது தற்செயலன்று.

சுதந்திரத்தின் பின்னரும் நெடுங்காலம் சுற்றாடல் என்பது தனியொரு சட்டப்பொருளாகக் கருதப்படவில்லை. 1972இல் ஸ்ரொக்ஹோமில் ஐக்கிய நாடுகள் கூட்டிய மாநாட்டின் பின்னரே உலகின் பல நாடுகளும் இத்துறையில் சட்டமியற்றத் தொடங்கின. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சமுதாயத்தின் நலன்கருதிச் சுற்றாடலைப் பேணிக்காத்து மேம்படுத்துதல் அரசின் கடன் என்றது. ஆனால் அக்கூற்று நீதிமன்றத்தின்மூலம் வலியுறுத்தமுடியாத வழிகாட்டிக் கோட்பாடுகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டது. 1980இல் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன்கீழ் மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் தோன்றின. 1981இல் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரும் தாழ்நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரும் அடங்கிய பரப்பைக் 'கரையோர வலயம்' என இது வரையறுத்தது. ஆறுகளும் களப்புகளும் கடலோடு கலக்குமிடங்களில் அவ்வலயம் உள்நோக்கி 2 கிலோமீற்றர்வரை நீளும். சட்டப் புத்தகத்திலே துல்லியமான கோடுதான். ஆயின் மாரியிலே பரந்து கோடையிலே சுருங்கும் ஒரு களப்பின் ஓரத்தில் உயர்நீர்மட்டம் எங்கே நிற்கின்றது என்று கேட்டால், அங்கு வாழும் மீனவனும் நில அளவையாளனும் ஒரே இடத்தைக் காட்டுவரோ என்பது ஐயமே.

இந்நிலையில் 1987 நவம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் நிறைவேறிற்று. இனப்பிரச்சினைக்குத் தீர்வாக முன்வைக்கப்பட்ட இத்திருத்தம், அத்தீர்வைக் கோராத மாகாணங்களுக்கும் சபைகளை அளித்தது. வடமேல் மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 1988 ஏப்ரலில் நடைபெற்றது. காமினி ஜயவிக்கிரம பெரேரா முதலமைச்சரானார். திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணை அதிகாரங்களை மூன்று நிரல்களாகப் பகுத்தது. சுற்றாடற் பாதுகாப்பு, பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, மாகாண சபை நிரலிலே வைக்கப்பட்டது. அதே பொருள் இருதரப்புக்கும் பொதுவான ஒருங்கியை நிரலிலும் இடம்பெற்றது. ஆட்புல நீர்ப்பரப்புக்கு அப்பாற்பட்டதல்லாத மீன்பிடியும் ஒருங்கியை நிரலுக்கே சென்றது. கடல் வலயங்களும் கரைமுகப்பும் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்டன. காணி மாகாணத்துக்குரியது எனத் தலைப்பிலே கூறப்பட்டாலும், அரச காணி தொடர்ந்தும் குடியரசுக்கே உரித்தாயிருக்கும் எனப் பின்னிணைப்பு உரைத்தது. ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் எடுத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எனினும் அத்திருத்தத்திலே ஓர் ஏற்பாடு துணிச்சலுடன் பயன்படுத்துவோருக்கு வாய்ப்பளிப்பதாக இருந்தது. மாகாண சபை நிரலிலுள்ள பொருளொன்றைப் பற்றி ஏலவே பாராளுமன்றச் சட்டம் இருப்பின், சபை அதற்கு முரணான நியதிச்சட்டமொன்றை, அதன் நீண்ட தலைப்பிலேயே அம்முரணைக் குறிப்பிட்டு, இயற்றலாம். அவ்வாறு இயற்றப்பட்டால் நியதிச்சட்டம் நடைமுறையிலிருக்கும் காலம்வரை பாராளுமன்றச் சட்டம் அம்மாகாணத்தினுள்ளே இடைநிறுத்தப்படும். வடமேல் மாகாண சபை இவ்வழியையே தெரிந்துகொண்டது. குருநாகலைத் தலைமையிடமாகக் கொண்டு மாகாணச் சுற்றாடல் அதிகாரசபை நிறுவப்பட்டது. தொழிற்சாலைகளுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்குதல், வழங்காது மறுத்தல், பெருந்திட்டங்களுக்குத் தாக்க மதிப்பீட்டைக் கோருதல் முதலாய பணிகள் அதன்பாற்பட்டன. அதிகாரப் பகிர்வு தமக்கு வேண்டியதொன்றன்று எனப் பொதுவாகக் கருதப்பட்ட ஒரு மாகாணமே அப்பகிர்வின் கூரிய கருவியை முதலில் எடுத்துப் பார்த்தது என்பது வரலாற்று மாணவர் மறக்கலாகாத செய்தி. அதனைப் பெரிதும் வேண்டிநின்ற வடக்குக் கிழக்கிலோ அவ்வாண்டில் சபையே கலைந்து போர் மூண்டிருந்தது. வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக்கொட்டில்களிலே தஞ்சம் புகுந்தனர். மணற்பாங்கான அம்மண்ணில் நன்னீர் மெல்லிய படலமாகவே நிலத்தடியிற் கிடக்கின்றது. அந்நீரும் அக்களப்பும் அன்றுமுதல் முன்னையிலும் பன்மடங்கு மக்களைத் தாங்கவேண்டியதாயிற்று.

போர் இன்னொன்றையும் இக்கரைக்குக் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு இலங்கையிலே முதலில் மட்டக்களப்புப் பகுதியிலும் வேரூன்ற முயன்றது. கிழக்கில் அமைதி குலைந்ததும் முதலீடு முழுவதும் வடமேற்குக் கரைக்கு ஒதுங்கிற்று. 1980களின் நடுப்பகுதியிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் எங்கும் குளங்கள் தோண்டப்பட்டன. வளர்க்கப்பட்டது பெரிய வரி இறால். குஞ்சு பொரிக்கும் நிலையங்களிலிருந்து குஞ்சுகளை வாங்கிக் குளத்தில் விட்டு, தீனியிட்டு, நீரைச் சுழற்றிக் காற்றூட்டி, நாலைந்து மாதத்தில் அறுவடை செய்வர். ஓர் அறுவடை வாய்த்தால் பல ஆண்டுக் கூலிக்கு நிகரான இலாபம் கிட்டியது. பெருங் கம்பனிகள் தொடங்கிவைத்ததை நடுத்தர வகுப்பினரும், ஈற்றில் தென்னந்தோட்டக்காரரும் கடைக்காரரும் பின்பற்றினர்.

இத்தொழிலின் தன்மை சற்று விரிவாகக் கூறப்படவேண்டும். ஏனெனில் சட்டம் தவறிய இடம் அதனுள்ளேதான் இருக்கின்றது. குளத்துக்கு வேண்டிய உவர்நீர் ஒல்லாந்தர் கால்வாயிலிருந்தோ களப்பிலிருந்தோ இறைக்கப்படுகின்றது. தீனி எச்சமும் கழிவும் கலந்த நீர் அறுவடையின்போது திரும்பவும் அதே கால்வாயிலே விடப்படுகின்றது. ஒரு பண்ணையின் வடிகால் அடுத்த பண்ணையின் வாய்க்கால். கால்வாயோ ஒடுங்கியது, நீரோட்டம் மந்தமானது. களப்புகளின் வாய்களும் அவ்வப்போது மணலால் அடைபடுவன. ஆதலால் பத்துப் பண்ணைகள் உள்ளவிடத்துத் தீங்கற்றதாயிருக்கும் செயல் நூறு பண்ணைகள் உள்ளவிடத்து எல்லோருக்கும் கேடாகும். தனியொரு பண்ணையை எடுத்து 'இது தீங்கானதா?' என்று வினவினால் 'இல்லை' என்றே பெரும்பாலும் விடை வரும். வினவப்பட வேண்டியது கால்வாய் முழுவதையும் பற்றிய வினா. அவ்வினாவை எழுப்பும் அலுவலகம் ஒன்றும் இருக்கவில்லை.

1993 யூனில் மத்திய அரசு வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல் நீர்வாழ் உயிரின வளர்ப்புத் திட்டம் 4 ஹெக்டேயரை விஞ்சினாற்றான் தாக்க மதிப்பீட்டுக்கு உட்படும் என வரையறுத்தது. இக்கரையோரத்துப் பண்ணைகளிற் பெரும்பாலானவை அவ்வெல்லைக்கு உட்பட்ட சிறு பண்ணைகள். மாகாணத்தினுள் எத்திட்டங்கள் மதிப்பீட்டுக்கு உட்படவேண்டும் என்பதைக் குறித்துரைக்கும் வர்த்தமானி அறிவித்தலோ 1998 மார்ச் 27இலேதான் வெளிவந்தது. நியதிச்சட்டத்துக்கும் அந்நிரலுக்கும் இடையே ஏழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன. இறால் வளர்ப்பு உச்சநிலையை எய்தியது அவ்விடைவெளியிலேயே. பண்ணைகளிற் பாதியளவானவை உரிய அனுமதியின்றி இயங்கின என ஆய்வாளர் பலர் பின்னர் எழுதினர். இதில் வியப்பில்லை. குளம் தோண்டப்படும் நிலம் அரச காணியாயின் குத்தகை வழங்குவது மத்திய அரசின் காணி நிருவாகம். 300 மீற்றருக்குள் அமைந்தால் அனுமதி கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திடம். இறால் என்ற வகையில் மீன்பிடி அமைச்சு. கழிவுநீர் என்ற வகையில் மாகாண அதிகாரசபை. ஒரே பண்ணையின் குளம் ஒரு திணைக்களத்தின் எல்லையிலும் நீர்க்குழாய் மற்றொன்றின் எல்லையிலும் கிடக்கலாம். நிலத்தைக் கொடுப்பவருக்கு நீரைப் பற்றிய பொறுப்பில்லை. நீரைப் பற்றிப் பொறுப்புள்ளவருக்கு நிலத்தின்மேல் அதிகாரமில்லை. குருநாகலிலுள்ள அலுவலர் மறுப்புக் கடிதம் எழுதும் வேளையில் கண்டல் வெட்டப்பட்டுக் குளம் நீரால் நிறைந்திருக்கும்.

சட்டம் செய்யாததை நோய் செய்தது. 1980களின் இறுதியில் முதலாவது நச்சுயிரி நோய் பரவிற்று. அதனை எச்சரிக்கையாகக் கொண்டோர் சிலரே. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. இறாலின் ஓட்டிலே வெண்ணிறப் புள்ளிகள் தோன்றிச் சில நாட்களுக்குள் குளம் முழுவதும் செத்து மிதக்கும். நோயுற்ற குளத்தின் நீரைக் கால்வாயிலே திறந்துவிட்டவன் தன் அயலவனின் குளத்தையும் கொன்றான். ஓரிரு ஆண்டுக்குள் நோய் மீண்டும் வந்தது. கடன்பட்டு இறங்கிய சிறு பண்ணையாளர் மீளவில்லை. பெருமுதலாளிகள் விலகிச் சென்றனர். கைவிடப்பட்ட குளங்கள் வரப்புடைந்து, கண்டலும் இன்றி இறாலும் இன்றி, வெண்சேறாய்க் கிடந்தன. சிலவற்றிலே பின்னர் உப்பு விளைவிக்கப்பட்டது. காசிச் செட்டி கண்ட காட்சிக்கு நிலம் திரும்பிற்று எனலாம், மரங்கள் மாத்திரம் இல்லை.

களப்பு மீனவரின் நிலையை இக்கதையின் ஓரத்தில் வைத்துவிட முடியாது. குளங்களாற் படகுத்துறைக்குச் செல்லும் வழி அடைபட்டது. மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் கண்டல் வேர்கள் அற்றன. சிலாபத்துக்கு அருகே பம்பளையை மையமாகக் கொண்டு 1990களின் முற்பகுதியில் உருவான சிறு மீனவர் சம்மேளனம் கண்டற்காடுகளைக் காப்பதையும் மீள நடுவதையும் தன் முதற் பணியாகக் கொண்டது. இவர்களுக்கு நியதிச்சட்டம் பயனற்றதாக இருந்தது என்று கூறுவது மிகையாகும். முறைப்பாட்டை ஏற்கும் கடமையுள்ள அலுவலகமொன்று தம் மாகாணத்திலேயே இருந்தமை அவர்களுக்கு ஒரு படிக்கட்டாயிருந்தது. கொழும்புக்குப் போய்த் திரும்ப ஒரு நாட் பிழைப்பை இழக்கவேண்டிய மீனவனுக்கு அலுவலகத்தின் அண்மை சிறு விடயமன்று.

அண்மை மாத்திரம் போதுமா என்ற வினாவுக்கு, அதே காலத்தில் அதே இறாலால் அல்லலுற்ற தமிழ்நாட்டுக் கரையோரம் விடை தருகின்றது. இந்திய அரசியலமைப்பில் காணியும் மீன்பிடியும் மாநிலத்துக்குரியவை. புத்தளத்துக்கு இல்லாதிருந்த அதிகாரம் சென்னைக்கு இருந்தது. 1995இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நீர்வாழ் உயிரின வளர்ப்பை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்றை நிறைவேற்றிற்று. ஆனால் அது பண்ணைகளுக்கு உரிமம் அளித்து முறைப்படுத்தும் சட்டமாகவே அமைந்தது. நாகப்பட்டினப் பகுதியில் நிலமற்ற உழவரிடையே பணியாற்றிவந்த காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1996 டிசம்பர் 11இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, 1991ஆம் ஆண்டின் மத்திய கரையோர ஒழுங்குமுறை அறிவித்தலை ஆதாரமாகக் கொண்டு, உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீற்றருக்குள் அமைந்த, மரபுவழிப்பட்டவையல்லாத பண்ணைகளை அகற்றுமாறு பணித்தது. மாநிலச் சட்டத்துக்கு மேலாக மத்தியச் சட்டமே நிற்கும் என்றும் கூறிற்று. இங்கே மாநிலம் தளர்ந்தது, மத்தியச் சட்டம் காத்தது. அதுவும் நிலைக்கவில்லை: 2005இல் இந்தியப் பாராளுமன்றம் கரையோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு அதிகாரசபைச் சட்டத்தை இயற்றி அத்தீர்ப்பின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிட்டது. அன்னியச் செலாவணிக்கு முன் மாநிலமும் மத்தியும் ஒன்றுபோலவே நடந்துகொண்டன. ஆகவே, மாகாணச் சட்டம் வேண்டும் என்று வாதிடுவோர் அருகாமையை ஓர் அறமாகக் காட்டுவதைக் கைவிடவேண்டும். அவர்கள் வலியுறுத்தவேண்டியது, நிலத்தின்மேலும் நீரின்மேலும் உள்ள அதிகாரம் ஒரே கையில் இருப்பதையும், அக்கை மக்களுக்கு எட்டும் தூரத்தில் இருப்பதையுமே. முன்னது புத்தளத்தில் இல்லாதிருந்தது. பின்னது நாகப்பட்டினத்திலே பயன்படாதிருந்தது.

நோயின் பின்னர் புத்தளத்தில் ஏற்பட்ட ஒரு மாற்றம் இவ்வாதத்துக்கு வலுவூட்டுகின்றது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையும் பண்ணையாளர் சங்கங்களும் சேர்ந்து கரையோரத்தைப் பல வலயங்களாகப் பிரித்து, எவ்வலயத்தார் எக்காலத்தில் குளத்தை நிரப்பலாம் என்று பருவ அட்டவணை வகுத்தனர். ஒருவன் கழிவைத் திறக்கும் காலத்தில் மற்றவன் நீர் இறைக்காதிருப்பதே அதன் சாரம். கால்வாய் முழுவதையும் பற்றிய வினா முதன்முறையாக எழுப்பப்பட்டது இங்கேதான். அதனை எழுப்பியது சட்டமன்றமன்று, நட்டம். ஆயினும் அட்டவணை இறாலைக் காப்பதற்கானது. மீனவனையோ கண்டலையோ காப்பதற்கானதன்று என்பதையும் குறிப்பிடல் வேண்டும்.

மாகாண அதிகாரசபைக்கு இதனினும் பெரிய சோதனையொன்று பின்னர் வந்தது. கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில் 2011க்கும் 2014க்கும் இடையே 900 மெகாவாற்று வலுவுள்ள நிலக்கரி மின்னிலையம் மூன்று கட்டங்களாக இயங்கத் தொடங்கியது. அதற்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வழங்கும் பொறுப்பு குருநாகலிலுள்ள அதிகாரசபையினுடையது. 2017இல் காலாவதியான பத்திரம் புதுப்பிக்கப்படாத நிலையிலும் நிலையம் இயங்கியதாகச் செய்திகள் வெளிவந்தன. நாட்டின் மின்சாரத்திற் கணிசமான பங்கைத் தரும் நிலையமொன்றின் கதவை ஒரு மாகாண அலுவலகம் பூட்டுமென எவரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அதன் கையொப்பம் இல்லை என்ற செய்தி நாடெங்கும் வாதிடப்பட்டது. நியதிச்சட்டத்தின் வலிமையும் வலியின்மையும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே புலப்படுகின்றன.

காணி பற்றிய பழைய முடிச்சோ இன்னும் இறுகிற்று. 2013 செப்ரெம்பர் 21இல் வடமேல், மத்திய, வட மாகாணங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஐந்து நாள் கழித்து, 26ஆம் தேதியன்று, மலையகத் தோட்டக் காணியொன்று தொடர்பான சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணி மத்திய அரசுக்கே உரியது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2015இல் இலங்கையின் கண்டற்காடுகள் அனைத்தையும் காக்கும் திட்டமொன்று, பம்பளையின் மீனவர் இயக்கத்திலிருந்து வளர்ந்த சுதீச நிறுவனத்தையும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமொன்றையும் துணைக்கொண்டு அறிவிக்கப்பட்டபோது, அறிவித்தது கொழும்பே. மறு ஆண்டில் பம்பளையிலே கண்டல் நூதனசாலை திறக்கப்பட்டது. மாகாண நியதிச்சட்டம் அவ்விழாக்களில் நினைவுகூரப்படத்தக்க இடத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை.

2013இல் தெரிவான சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரிலே முடிவுற்றது. 2024 முடியும்வரை புதிய தேர்தல் நடத்தப்படவில்லை. ஆளுநரே மாகாணத்தை நிருவகித்து வந்தார். அவ்வாண்டுகளில் அதிகாரசபையின் அலுவலர் வழக்கம்போல் அனுமதிப்பத்திரங்களைப் பரிசீலித்தனர், கழிவுநீரின் மாதிரிகளை எடுத்தனர். 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தின் சொல்லொன்றை மாற்றவேண்டியிருந்தாலும் அதற்குக் கை உயர்த்த குருநாகலின் சபா மண்டபத்தில் உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.